தாடி வைத்த மகாராணி

எகிப்து என்றதும் பிரமிடும் மம்மியும்தானே உங்கள் நினைவுக்கு வருகின்றன? இன்று அந்த நாட்டை ஆண்ட ஒரு பெண்ணைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அவர் பெயர் ஹாட்ஷெப்சுட். வாயில் நுழையச் சற்றுச் சிரமமான பெயர்தான். இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பாருங்கள், வந்துவிடும். உயர்குலப் பெண்களில் முதன்மையானவள் என்பது அதன் பொருள். இந்தப் பெயருக்கு நேர்ந்த ஆபத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தை ஆண்ட முதலாம் துட்மோஸ் மன்னரின் மகள் இவர். அரச குடும்பத்து வழக்கப்படி, தந்தையின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த இரண்டாம் துட்மோஸை மணந்தார். நெஃபெருரே என்று ஒரு மகள் பிறந்தாள். கணவர் சீக்கிரமே இறந்துவிட்டார். அடுத்து அரசனாக வேண்டியவன், கணவரின் வேறொரு மனைவி பெற்ற மகன் மூன்றாம் துட்மோஸ். அவனோ சின்னஞ்சிறு பிள்ளை! ஆகவே, கி.மு. 1479 வாக்கில், மாற்றாந்தாயான ஹாட்ஷெப்சுட் அவனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

சில ஆண்டுகளில் துணிச்சலான ஒரு காரியம் செய்தார். தாமே ஃபாரோ என்று முடிசூடிக்கொண்டார். சிறுவனை விரட்டிவிடவில்லை. அவனும் அரசன்தான், ஆனால் மூத்த அரசர் இவர்.

பழங்கால எகிப்தில் பெண்கள் சொந்தமாக நிலம் வைத்துக்கொள்ளலாம். வழக்கு மன்றத்துக்கும் போகலாம். ஆனால் ஃபாரோ என்பவர் ஹோரஸ் என்ற ஆண் தெய்வத்தின் வடிவம் என்று மக்கள் நம்பினார்கள். சோபெக்நெஃபெரு என்ற பெண் முன்பு ஆண்டதுண்டு. அது நான்கு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. என்ன செய்வது? ஹாட்ஷெப்சுட் தம் சிலைகளை ஆண் அரசரைப் போலவே செதுக்கச் செய்தார். ஃபாரோக்கள் விழாக்களில் மோவாயில் கட்டிக்கொள்ளும் பொய்த்தாடிகூட அந்தச் சிலைகளில் உண்டு! ஆனால், பக்கத்தில் வெட்டிய எழுத்துகளில் தம்மைப் பெண் என்றே குறிப்பிட்டார். இதை மறந்துவிடாதீர்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டார். வணிகத்திலும் கட்டடங்களிலும்தான் அவருக்கு ஆர்வம் அதிகம். ஆட்சியின் ஒன்பதாம் ஆண்டில், செங்கடல் வழியாகப் புன்ட் என்ற நாட்டுக்கு ஐந்து கப்பல்களை அனுப்பினார். தங்கம், தந்தம், கருங்காலி மரம், சிறுத்தைத் தோல், குரங்குகள் என்று கப்பல்கள் நிறைந்து திரும்பின. எல்லாவற்றையும்விட அருமையான சரக்கு எது தெரியுமா? மரங்கள்! சாம்பிராணி போல எரித்தால் மணக்கும் பிசின் தருபவை. அவற்றை வேரோடு தோண்டிக் கூடையில் வைத்து, கழியில் தொங்கவிட்டுச் சுமந்து வந்தார்கள். இப்படி உயிரோடு வந்தவை 31 மரங்கள்.

இந்தப் பயணம் முழுவதையும் டெய்ர் எல் பஹ்ரி என்ற இடத்தில், தாம் கட்டிய கோயிலின் சுவரில் படங்களாகச் செதுக்க வைத்தார். புன்ட் மக்களின் வீடுகள் கால்கள் மேல் நிற்கின்றன. ஏறுவதற்கு ஏணி சாத்தியிருக்கிறது. கப்பல்களுக்குக் கீழே நீந்தும் மீன்களைப் பார்த்து, இன்றைய விஞ்ஞானிகளால் பலவற்றை இன்ன இனம் என்று சொல்ல முடிகிறது. அவ்வளவு நுணுக்கம்! செங்குத்தான பாறை மலையின் அடியில் மூன்று அடுக்காக அமைந்த அந்தக் கோயில், லக்ஸர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் இன்றும் இருக்கிறது.

கி.மு. 1458 வாக்கில் ஹாட்ஷெப்சுட் இறந்தார். மூன்றாம் துட்மோஸ் தனி அரசரானார். பெரிய வீரர் என்று பெயரும் எடுத்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, தம் ஆட்சியின் கடைசிக் காலத்தில், ஹாட்ஷெப்சுட்டின் பெயரையும் உருவத்தையும் சுவர்களிலிருந்து உளியால் கொத்தி எடுக்கச் செய்தார். கோபம் இருந்தால் இருபது ஆண்டுகள் காத்திருப்பாரா? தம் மகன் அரியணை ஏறும்போது வேறு யாரும் உரிமை கோரக்கூடாது என்று எண்ணியிருக்கலாம் என்கிறார்கள் அறிஞர்கள்.

எகிப்தியர்களுக்குப் பெயர் என்பது வெறும் அடையாளம் அல்ல. பெயர் அழிந்தால், மறு உலகிலும் அந்த மனிதர் இல்லாமல் போய்விடுவார் என்று நம்பினார்கள். அப்படியானால் ஹாட்ஷெப்சுட்டின் கதி?

இலக்கண வகுப்பில் கொட்டாவி விடுபவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள்! எகிப்திய எழுத்துகளைப் படிக்கும் வழியை 1822-இல் கண்டுபிடித்த பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன், 1829-இல் டெய்ர் எல் பஹ்ரிக்கு வந்தார். சுவரில் இருப்பவர் தாடி வைத்த அரசர். பக்கத்தில் உள்ள சொற்களோ பெண்பால்! நாம் வந்தான், வந்தாள் என்று விகுதியால் பால் காட்டுகிறோம் அல்லவா? எகிப்து மொழியில் பெண்பாலைக் காட்டுவது த் என்ற ஒலி. சின்ன ரொட்டி போன்ற வடிவத்தில் அதை எழுதுவார்கள். பெயரை வெட்டி எடுத்தவர்கள் பல இடங்களில் இந்தக் குட்டி ரொட்டியை விட்டுவிட்டார்கள்! சாம்போலியன் குழம்பிப் போனார். பின்வந்த அறிஞர்கள்தாம் முடிச்சை அவிழ்த்தார்கள்.

1920-களில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தார் கோயிலருகே தோண்டியபோது, உடைந்த சிலைத் துண்டுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. அவற்றைப் பொருத்திப் பல சிலைகளை மீட்டார்கள். அவற்றில் பல, வெறுப்பால் உடைக்கப்பட்டவை அல்ல. சிலையின் சக்தியை நீக்கும் சடங்காகக் கழுத்து, இடுப்பு, முழங்கால் என்று முறையாக உடைக்கப்பட்டவை என்று 2025-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

கார்னாக் கோயிலில் அவர் நிறுத்திய கல் தூண்களில் ஒன்று இன்றும் நிற்கிறது. ஒரே கல், உயரம் 29 மீட்டருக்கும் மேல், எடை 300 டன்னுக்கும் அதிகம். அஸ்வானில் பாறையிலிருந்து வெட்டி, நைல் வழியாகப் படகில் கொண்டுவந்தார்கள். பிற்பாடு துட்மோஸ் அதைச் சுற்றிலும் சுவர் எழுப்பினார். அந்தச் சுவரே மறைந்திருந்த எழுத்துகளைப் பத்திரமாகக் காத்தது. எகிப்து மண்ணில் இன்று நிற்கும் அத்தகைய தூண்களில் மிக உயரமானது அதுதான்.