டாரதி ஆண்டர்சன்: கணையத்தில் விடை தேடிய மருத்துவர்

இனிப்புநீர் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருவாங்க? தாத்தா, பாட்டி, கடையில் தே கோசோங் கேட்கும் மாமா?

10 வயதிலிருந்தே ஆண்டுதோறும் அதற்குப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டிய பிள்ளைகளும் இருக்கிறார்கள். பலர் ஒல்லியான பிள்ளைகள். அவர்களுக்கு இருப்பது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் எனும் பரம்பரை நோய்.

இன்று அதை நுரையீரல் நோய் என்றே பலரும் சொல்வார்கள். ஆனால் அதற்குப் பெயர் கிடைத்தது கணையத்தால். பெயர் வைத்தவர் டாக்டர் டாரதி ஆண்டர்சன்.

யார் இவர்?

1901-இல் அமெரிக்காவின் நார்த் கெரோலைனா மாநிலத்தில் பிறந்தவர். 20 வயதாகும் முன்பே அப்பா, அம்மா இருவரையும் இழந்தார். 1926-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அறுவைச் சிகிச்சை நிபுணராக வேண்டும் என்பது ஆசை. பெண் என்பதால் பயிற்சிக்கு இடம் தரவில்லை. அதனால் நோயியல் துறைக்குப் போனார். 1935-இல் நியூயார்க்கின் பேபீஸ் ஹாஸ்பிடலில் சேர்ந்தார். இறந்த குழந்தைகளின் உடலை ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. மனத்தைப் பிழியும் வேலை, இல்லையா?

என்ன கண்டுபிடித்தார்?

சீலியாக் என்ற குடல் நோயால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒரு குழந்தையின் உடலை அவர் பரிசோதித்தார். கணையம் முழுக்கக் கட்டிகளும் தழும்புகளும். இது சீலியாக் இல்லையே!

அதோடு விடவில்லை. பழைய பதிவுகளையும் மற்ற மருத்துவர்களின் குறிப்புகளையும் துழாவி, இதே போன்ற 49 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டினார். 1938-இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு அவர் கொடுத்த பெயர், கணையத்தின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். கணையம் என்ற சொல் பிறகு பேச்சுவழக்கில் உதிர்ந்துவிட்டது.

கணையத்தில் என்ன நடக்கிறது?

உடலின் சுரப்பு நீர் பசைபோல் கெட்டியாகி, கணையத்தின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது. செரிமான நொதிகள் குடலுக்குப் போக முடியாமல் உள்ளேயே தேங்கி, கணையத்தையே அரிக்கின்றன. சாப்பிட்ட கொழுப்பு செரிக்காது. எவ்வளவு ஊட்டினாலும் பிள்ளை தேறாது.

இன்சுலின் சுரக்கும் செல்களும் அதே கணையத்தில்தான் இருக்கின்றன. தழும்பு பரவப் பரவ, அவையும் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன.

ஆண்டர்சன் காலத்தில் பலருக்கு அந்தக் கட்டம் வரவே இல்லை. பள்ளி வயதை எட்டும் முன்பே பிள்ளைகள் இறந்துவிட்டார்கள். பிணவறையோடு நிற்காமல், உயிரோடு இருக்கும் பிள்ளைகளிடம் நோயைக் கண்டறியும் வழிகளையும் அவர் தேடினார். விடுமுறை என்றால் நியூஜெர்சி மலைப்பக்கம் தச்சு வேலை! 1963-இல், 61 வயதில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

இப்போது நிலைமை?

சிகிச்சை முன்னேறியதால் நோயாளிகள் பெரியவர்களாகி வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ஆனால் பெரியவர்களில் 40 முதல் 50 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வருகிறது. இது முதல் வகையும் இல்லை, இரண்டாம் வகையும் இல்லை. தனி ரகம்.

தாகம், அடிக்கடி சிறுநீர் போன்ற அறிகுறிகள் தெரியாமலேயே இது தொடங்கலாம். அதனால்தான் குளுக்கோஸ் கரைசல் குடிக்கவைத்து ஆண்டுதோறும் ரத்தத்தைச் சோதிக்கிறார்கள்.

சிகிச்சை, இன்சுலின். சாப்பாட்டைக் குறைங்க என்று நம் வீடுகளில் சொல்லும் அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. எடை குறைந்தால் நுரையீரலும் பலவீனமாகும். அதனால் நன்றாகச் சாப்பிடவைத்து, அதற்கேற்ப இன்சுலின் அளவை மருத்துவர்கள் சரிசெய்கிறார்கள்.