சிரிப்பை நெறியாக்கிய கலைஞர்

நுழையும்முன்

நகைச்சுவை பொழுதுபோக்கிற்கு மட்டும் உரியதன்று. சமுதாயத்தின் அழுக்கை அகற்றும் கருவியாகவும் அது பயன்படும். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற சிறுவர் ஒருவர், நடிகராகவும் படத் தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் உயர்ந்து இவ்வுண்மையை மெய்ப்பித்தார். அவரே கலைவாணர் என்று தமிழுலகம் போற்றும் என். எஸ். கிருஷ்ணன்.

இளமையும் நாடகமும்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், சுடலைமுத்து – இசக்கி அம்மாள் இணையருக்கு மகனாகக் கிருஷ்ணன் பிறந்தார். வறுமை காரணமாக அவரது பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. சிறு வேலைகள் செய்து குடும்பத்திற்கு உதவிய அவருக்கு, தின்பண்டம் விற்கச் சென்ற நாடகக் கொட்டகையே கல்விக்கூடம் ஆயிற்று. நாஞ்சில் நாட்டுக்கே உரிய வில்லுப்பாட்டு, கதை சொல்லும் திறனையும் கேட்போரின் நாடி அறியும் நுட்பத்தையும் அவருக்குக் கற்றுத்தந்தது.

பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அக்காலத்து நாடகக் குழுக்களில் ஒரே நடிகர் பல வேடங்களை ஏற்க வேண்டும், பாடவும் வேண்டும். இப்பயிற்சியே பின்னாளில் அவருக்குத் திரைத்துறையில் கைகொடுத்தது.

திரையில் ஒரு புதுவழி

அந்நாடகக் குழுவின் மேனகா நாடகம் 1935இல் திரைப்படமானபோது கிருஷ்ணனும் அதில் நடித்தார். மறு ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சதிலீலாவதி வெளிவந்தது. எம். ஜி. இராமச்சந்திரன் அறிமுகமான படமும் அதுவே. வசந்தசேனா படப்பிடிப்பிற்காகப் புனே நகருக்குச் சென்றபோது டி. ஏ. மதுரத்தைச் சந்தித்தார். அவர் வாழ்க்கைத் துணையானதோடு, நடிப்பில் கிருஷ்ணனுக்கு நிகரான இணையாகவும் விளங்கினார்.

அந்நாளில் நகைச்சுவை என்பது பெரும்பாலும் பிறர் எழுதித் தந்ததை நடிப்பதாகவே இருந்தது. கிருஷ்ணனோ நகைச்சுவைப் பகுதிக்குத் தாமே கதை அமைத்தார். காட்சிகளையும் பாடல்களையும் திட்டமிட்டார். தம் குழுவினரைக் கொண்டே நடித்தார். அப்பகுதி மூலக் கதையோடு இணைக்கப்பட்டது. டி. எஸ். துரைராஜ், புளிமூட்டை ராமசாமி, காக்கா ராதாகிருஷ்ணன் முதலியோர் அவருடன் நடித்துப் புகழ் பெற்றனர். இயக்குநர் என்னும் பெயர் திரையில் தோன்றுவதற்கு முன்பே, அப்பணியை அவர் செய்துவந்தார் எனலாம்.

உடற்குறையையோ வறியவரின் நிலையையோ எள்ளி நகையாடுவதை அவர் விரும்பவில்லை. மூடநம்பிக்கை, சாதி வேற்றுமை, குடிப்பழக்கம் ஆகியவையே அவரது நகைச்சுவையின் இலக்குகளாயின.

சோதனைக் காலம்

1944ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் இதழாசிரியர் இலட்சுமிகாந்தன் கொலையுண்டார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றது. அம்மன்றம் வழக்கை மீண்டும் ஆராயப் பணித்தது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலை பெற்றனர்.

இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாழ்வு அவரது செல்வத்தைக் கரைத்தது. எனினும் அவரை நம்பியிருந்த கலைஞர்கள் சிதறிவிடவில்லை. மதுரம் அம்மையார், எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழுவைத் தொடர்ந்து நடத்தினார். அக்குழுவின் பைத்தியக்காரன் நாடகம் 1947இல் திரைப்படமாயிற்று. விடுதலையான கிருஷ்ணன் நடித்த காட்சிகளும் அதில் சேர்க்கப்பட்டன.

தயாரிப்பாளர், இயக்குநர்

சிறை மீண்டவர் கசப்பை ஏந்தி வரவில்லை. முன்னினும் தெளிவான நோக்கத்தை ஏந்தி வந்தார். 1949இல் வெளியான நல்லதம்பிக்கு அறிஞர் அண்ணா உரையாடல் எழுதினார். மதுவிலக்கை வலியுறுத்திய அப்படத்தில் இடம்பெற்ற கிந்தனார் காலட்சேபம் பெரும்புகழ் பெற்றது. அதனை இயற்றியவர் உடுமலை நாராயணகவி. நந்தனார் சிதம்பர தரிசனத்திற்காக ஏங்கினார். கிந்தனாரோ கல்விக்காக ஏங்கினார். மக்கள் நன்கறிந்த காலட்சேப வடிவத்தை வைத்துக்கொண்டே புதிய கருத்தை ஊட்டிய திறம் இங்குப் புலனாகிறது.

1951இல் மணமகள் படத்தைத் தாமே தயாரித்து இயக்கினார். மு. கருணாநிதி உரையாடல் எழுத, பத்மினி முதன்மைப் பாத்திரம் ஏற்றார். அடுத்த ஆண்டில் பணம் என்னும் படத்தை இயக்கினார். பராசக்தி வழியாக அப்போதுதான் அறிமுகமாகியிருந்த சிவாஜி கணேசன் அதில் நடித்தார். விஸ்வநாதன் – ராமமூர்த்தி இணையராக இசையமைத்த முதற்படமும் அதுவே. புதியவர்களின் ஆற்றலை உணர்ந்து வாய்ப்பளிக்கும் தலைமைப் பண்பை இவ்விரு படங்களும் காட்டுகின்றன.

தெரிந்து தெளிவோம்

காந்தியடிகள் மறைந்தபின் அவர் வரலாற்றை வில்லுப்பாட்டாக நிகழ்த்தினார் கலைவாணர். அதில் அவருக்குத் துணைநின்றவர் சுப்பு ஆறுமுகம். நாகர்கோவிலில் காந்தி நினைவுத்தூண் ஒன்றையும் தம் பொருட்செலவில் எழுப்பினார்.

கொடையும் மறைவும்

ஈட்டிய பொருளைச் சேர்த்துவைக்க அவர் அறியார். உதவி நாடி வந்தோரை வெறுங்கையோடு அனுப்பும் வழக்கம் அவரிடம் இல்லை. வருவாய் குறைந்த நாளிலும் கொடை குறையவில்லை. அதனால் இறுதிக் காலத்தில் பொருள் நெருக்கடி அவரைச் சூழ்ந்தது. 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள், நாற்பத்தொன்பது வயது நிறையும் முன்பே அவர் மறைந்தார்.

சென்னையில் அவரது சிலையை 1969ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் முதலமைச்சர் அண்ணா திறந்துவைத்தார். நோயுற்றிருந்த அண்ணா கலந்துகொண்ட இறுதிப் பொது நிகழ்ச்சியாக அது அமைந்தது. தமிழ்நாட்டு அரசின் கலைவாணர் அரங்கம் அவர் பெயரை நாளும் நினைவூட்டுகிறது.

அவர் ஈட்டிய செல்வம் நிலைக்கவில்லை. கட்டிக்காத்த நெறி நிலைத்தது. எவரையும் இழிவுபடுத்தாமல் சிரிக்கவைக்க இயலும், சிரிப்போடு சிந்தனையையும் விதைக்க இயலும் என்பதற்குக் கலைவாணரின் வாழ்வே சான்று. பிறரைப் புண்படுத்தும் கேலியை நகைச்சுவை என எண்ணும் போக்கு பெருகும் இந்நாளில், அவர் காட்டிய வழி நாம் கற்றுப் பின்பற்றத் தக்கது.