பிடியரிசியும் பள்ளிச் சோறும்

மும்பை மாநகரின் காட்கோபரில், அசல்பா குன்றின் சரிவுகளில் வீடுகள் படிப்படியாக ஏறி நிற்கின்றன. தாய், தந்தை இருவரும் விடியலிலேயே வேலைக்குப் புறப்படும் குடும்பங்கள் அங்கே பல. குழாயில் தண்ணீர் வரும் நேரமும் இரயிலைப் பிடிக்க ஓடும் நேரமும் ஒன்றாக வந்து நின்றால், பிள்ளையின் மதிய உணவுப் பெட்டிதான் முதலில் விடுபட்டுப்போகும். அத்தகைய வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கு, மூடியிட்ட பெரிய பாத்திரங்களில் கிச்சடி வந்து இறங்குகிறது. அந்தப் பாத்திரத்தின் வரலாற்றில் ஒரு முக்கியமான பகுதி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தமிழகத்தின் கரிசல் நிலத்தைச் சேர்ந்த விருதுநகரில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையோடு பிணைந்தது. அவர் காமராசர்.

காமராசர் 1903ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் குமாரசாமி, சிவகாமி அம்மையார் ஆகியோரின் மகனாகப் பிறந்தார். தந்தை தேங்காய் வணிகர். மகனுக்கு ஆறு வயது ஆனபோது தந்தை இறந்தார். குடும்பத்தின் சுமை முழுவதும் தாயின் மீது விழுந்தது. அவர் தம் நகைகளைப் பணமாக்கி, அத்தொகையை வணிகர் ஒருவரிடம் கொடுத்துவைத்து, மாதந்தோறும் கிடைத்த வட்டியில் வீட்டை நடத்தினார்.

காமராசர் படித்த பள்ளிகளுள் ஒன்று சத்திரிய வித்தியாசாலை. அப்பள்ளி நடந்த முறை அறியத்தக்கது. ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் சோறு சமைக்க அரிசி எடுக்கும்போது, ஒரு பிடியைத் தனியே ஒரு கலயத்தில் போட்டு வைப்பார்கள். அவ்வரிசியைத் திரட்டி விற்று, அந்தப் பணத்தைப் பள்ளியின் செலவுக்குப் பயன்படுத்தினர். வணிகர்கள் தம் வணிகத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக அளித்தனர். இதனால் மக்கள் அதனைப் பிடியரிசிப் பள்ளி என்றே அழைத்தனர். ஏழை வீட்டுக் கலயத்திலும் ஒரு பிடி விழுந்தது; ஆகவே பள்ளி எல்லோருக்கும் சொந்தமாயிற்று.

ஆயினும் அந்தப் பள்ளியாலும் காமராசரை நெடுநாள் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆறாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கட்டணம் இல்லாவிட்டாலும் பள்ளிக்குச் செல்வது இலவசமன்று. பள்ளியில் கழியும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வரவேண்டிய வருமானத்தில் ஒரு நாள் குறைகிறது. பிற்காலத்தில் காமராசர் நிறைவேற்றிய திட்டத்தின் வேர் இந்தக் கணக்கில் இருக்கிறது.

இளமையிலேயே அவர் விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். 1930ஆம் ஆண்டு வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். பல முறை சிறைப்பட்டு, மொத்தம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறைகளில் கழித்தார். நின்றுபோன படிப்பை அவர் தொடர்ந்ததும் அங்கேதான். நாளிதழ்களையும் நூல்களையும் இடைவிடாது படித்தார்.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார். பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்திருந்த முந்தைய திட்டத்தைக் கைவிட்டார். பள்ளி இல்லாத சிற்றூர்களில் புதிய பள்ளிகள் தோன்றின. ஆனால் கட்டடம் எழுப்புவது எளிது, பிள்ளையை உள்ளே கொண்டுவருவது அரிது என்பது விரைவில் தெரிந்தது. அவர் சுற்றுப்பயணம் சென்றபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனிடம் பள்ளிக்குப் போகாத காரணத்தைக் கேட்டதாகவும், பள்ளிக்குப் போனால் சோறு யார் தருவார் என்று சிறுவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு செய்தி தமிழகம் எங்கும் சொல்லப்படுகிறது. நிகழ்ந்த ஊரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கூறுவர். ஊர் எதுவாயினும் சிறுவனின் கணக்கு சரியானது. ஆடு மேய்த்தால் நண்பகலில் ஒரு கலயம் கூழாவது கிடைக்கும். பள்ளியில் அதுவும் கிடையாது.

பள்ளியில் உணவளிப்பது அதற்கு முன்பே சென்னையில் ஒரு முறை நடந்ததுதான். 1920ஆம் ஆண்டு, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் மாநகராட்சியை வழிநடத்திய காலத்தில், ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கப்பட்டது. கல்விக்குரிய பணத்தை உணவுக்குச் செலவிடலாகாது என்ற அரசின் தடையால் அது சில ஆண்டுகளில் நின்றது. பசித்த பிள்ளைக்கு உணவும் கல்விச் செலவே என்பதை ஏற்க அன்றைய ஆட்சி ஆயத்தமாக இல்லை.

காமராசருக்கு வாய்த்த பெருந்துணை, கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு. ஊர்மக்களே முன்வந்து தம் ஊர்ப் பள்ளியில் சோறு போடலாம் என்ற கருத்தை இருவரும் எடுத்துச் சென்றனர். அரசின் கருவூலத்தில் அவ்வளவு பணம் இல்லை என்ற தடை எழுந்தது. காமராசர் தளரவில்லை. 1956ஆம் ஆண்டு பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் இத்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. பிற வேலைகளை ஒதுக்கிவிட்டு, இதற்காக ஊர் ஊராகச் சென்று கையேந்தவும் தாம் ஆயத்தம் என்று அவர் அங்கே கூறியதாகச் சொல்வர். ஊர்களில் பழைய பிடியரிசி மீண்டும் உயிர்பெற்றது. நெல், பருப்பு, காய்கறி, விறகு என்று இயன்றதை மக்கள் கொடுத்தனர்.

எனினும் கொடையை மட்டும் நம்பியிருப்பதில் ஒரு குறை உண்டு. எந்த ஊரில் பசி மிகுதியோ, அந்த ஊரில் கொடுப்பவர் குறைவு. 1957 நவம்பர் முதல் அரசு செலவில் பெரும்பங்கை ஏற்றது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு; அதில் ஆறு காசு அரசுடையது, நான்கு காசு ஊராருடையது. அணாவை விடுத்துப் புதுக்காசு வழக்கத்துக்கு வந்ததே அவ்வாண்டு ஏப்ரலில்தான். அந்தப் பத்துக் காசில் சோறு, சாம்பார், மோர், ஊறுகாய் ஆகியவை தட்டில் விழுந்தன. ஆண்டுக்கு ஏறத்தாழ இருநூறு பள்ளி நாள்களில் உணவு கிடைத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கப் பணம் போதவில்லை. மிகவும் வறிய பிள்ளைகளை ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்தனர். தேர்ந்தெடுக்கப்படாத பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதும், தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை கூசுவதும் இத்தகைய ஏற்பாட்டில் தவிர்க்க முடியாதவை.

குடும்பங்களின் கணக்கு இதனால் மாறியது. வீட்டில் ஐந்து பேருக்கு வடித்த கஞ்சி இப்போது நால்வருக்கு ஆனது. பிள்ளையை வேலைக்கு அனுப்பினால் கிடைக்கும் கூழ் பள்ளியிலேயே கிடைத்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது குடும்பத்துக்கு இழப்பு என்ற நிலை மெல்லத் தளர்ந்தது.

ஒன்பது ஆண்டுகள் ஆட்சி செய்த காமராசர், கட்சிப் பணிக்காக 1963 அக்டோபரில் பதவியைத் தாமே துறந்தார். தாய் சிவகாமி அம்மையார் விருதுநகரின் பழைய வீட்டிலேயே வாழ்ந்தார். மகன் நாடாண்ட காலத்திலும் அவருக்கு அளவான சிறு தொகையே மாதச் செலவுக்கு வந்தது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் காமராசர் மறைந்தார். அவருக்கென்று சொந்த வீடோ நிலமோ இருக்கவில்லை. மறு ஆண்டு பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது.

அவர் விட்டுச் சென்ற இடத்திலிருந்து திட்டம் வளர்ந்தது. 1982இல் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 1995இல் நடுவண் அரசு நாடு முழுவதற்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பல மாநிலங்கள் சமைத்த உணவைத் தராமல், பிள்ளைக்கு மாதம் மூன்று கிலோ தானியத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பின. வீட்டுக்குச் செல்லும் தானியம் வீட்டார் அனைவருக்கும் பங்காகும். சில வீடுகளில் கடனுக்கும் போகும். பள்ளியில் உண்ணும் சோறோ பிள்ளையின் வயிற்றுக்கே செல்லும். இந்த வேறுபாடு பெரிது. 2001 நவம்பர் 28 அன்று உச்சநீதிமன்றம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவே தரவேண்டும் என்று ஆணையிட்டது. தமிழகத்தில் எட்டயபுரத்துக் காலம் முதல் நடந்துவந்தது பிற மாநிலங்களுக்கும் கடமையாயிற்று.

மராத்திய மாநிலத்துக்கும் அது பொருந்தியது. அந்த வழியில்தான் காட்கோபர்ப் பள்ளிக்குப் பாத்திரம் வந்து சேர்ந்தது. திட்டத்தின்படி தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு நூறு கிராம் தானியம். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு நூற்றைம்பது கிராம். அரிசியோடு பருப்பும் காயும் சேர்ந்து கிச்சடியாகிறது. திருநெல்வேலியிலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பத்தின் பிள்ளையும், இரத்தினகிரியிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளையும், உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளையும் ஒரே வரிசையில் தட்டோடு நிற்கின்றனர். முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு உண்டு. யார் வறியவர் என்று ஆசிரியர் இப்போது தேர்ந்தெடுப்பதில்லை.