ராமன் விளைவு முதல் அணுசக்தி ஆணையம் வரை: யார் இந்த கே.எஸ்.கிருஷ்ணன்?

காரைக்குடி, கீழச்சிவல்பட்டி பக்கம் டிப்ளமோ, பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை என்றால் அது பெரிய விஷயம். ஆனால் உள்ளே போய் என்ன வேலை செய்யணும்? அளக்கணும், சுத்தமா இருக்கான்னு பார்க்கணும், மறுபடியும் அளக்கணும். இந்தியாவின் முதல் அணுசக்தி ஆணையத்தில் இருந்த மூன்று பேரில் ஒருவர், வாழ்நாளில் பெரும்பகுதி இதைத்தான் செய்தார். பெயர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன்.

1898-ல் வத்திராயிருப்பு பக்கம் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. படித்து முடித்ததும் அங்கேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. மதிய இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வந்து சந்தேகம் கேட்கலாம் என்று உட்கார்ந்தார். மற்ற கல்லூரி மாணவர்களும் தேடி வந்தார்கள்.

1920-ல் கொல்கத்தா போனார். அங்கே சி.வி.ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

1928 பிப்ரவரியில் நடந்ததுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதில் கிருஷ்ணனின் பங்குதான் பலருக்குத் தெரியாது. சூரிய ஒளியை லென்ஸால் குவித்து, ஊதா ஃபில்டர் வழியாக ஒரு திரவத்துக்குள் விடுவார்கள். எதிரே இன்னொரு ஃபில்டர். அது ஊதாவை முழுசா தடுத்துவிடும், அதனால் எதுவுமே தெரியக்கூடாது. ஆனால் மங்கலாக வேறொரு நிறம் தெரிந்தது. திரவத்தில் ஒரு தூசு இருந்தால்கூட ஒளி அதில் பட்டுச் சிதறி, எல்லாம் குழம்பிப்போகும். அதனால் ஒவ்வொரு திரவத்தையும் வெற்றிடத்தில் மெதுவாக வடித்துச் சுத்தப்படுத்தணும். நாள் கணக்கில் அதைச் செய்து, இருட்டில் கண்ணை வைத்துப் பார்த்தவர் கிருஷ்ணன். நேச்சர் இதழில் வந்த முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் உண்டு. 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. இது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

கிருஷ்ணன் வேறு பக்கம் திரும்பினார். டாக்காவிலும் மறுபடி கொல்கத்தாவிலும் காந்தவியல் ஆராய்ச்சி. துளியூண்டு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கும் முறையை உருவாக்கினார். கிராஃபைட்டையும் இப்படி ஆராய்ந்தார். பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட்தான். 1942-ல் சிகாகோவில் ஓடிய உலகின் முதல் அணு உலையில் நியூட்ரான் வேகத்தைக் குறைக்கப் பயன்பட்டதும் அதுதான். அந்த கிராஃபைட்டில் கொஞ்சம் போரான் கலந்திருந்தாலும் அது நியூட்ரான்களை விழுங்கிவிடும், உலை ஓடாது. அணுத்துறையில் சுத்தம் பார்க்கும் ஆளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது இப்போது புரியும்.

1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி ஃபெலோ. 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். நாட்டின் அளவுத் தரங்களைக் காப்பதே அந்த ஆய்வகத்தின் முக்கிய வேலை. இவருக்குப் பொருத்தமான நாற்காலி!

1948 ஜூலை 25-ல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், நம்ம காரைக்குடி 'சிக்ரி'க்கு நேரு அடிக்கல் நாட்டினார். அடுத்த மாதம் 10-ம் தேதி அணுசக்தி ஆணையம் அமைந்தது. தலைவர் ஹோமி பாபா. உறுப்பினர்கள் சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் கிருஷ்ணனும். எட்டு வருஷம் கழித்து, 1956 ஆகஸ்ட் 4-ல், டிராம்பேயில் ஆசியாவின் ஆரம்பகால உலைகளில் ஒன்றான அப்சரா இயங்கத் தொடங்கியது.

பட்நாகர் பெயரில் தொடங்கிய விருதின் முதல் ஆண்டான 1958-ல், அதைப் பெற்றவர் கிருஷ்ணன். 1961 ஜூனில், 62 வயதில் காலமானார். டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கும் சாலைக்கு இப்போது அவர் பெயர்தான்.