‘ஓம்’ ஒரு மனிதரின் பெயர்!

மின்தடையின் அலகான ‘ஓம்’, ஜெர்மனியில் 1789-ல் பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஜார்ஜ் சைமன் ஓமின் பெயர்தான்.

கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, தானே செய்த கருவிகளால் கம்பிகளில் பாயும் மின்னோட்டத்தை அளந்தார். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் மின்னோட்டமும் இரண்டு மடங்காகும் என்று கண்டுபிடித்தார்.

1827-ல் அதைப் புத்தகமாகப் போட்டார். சொந்த நாட்டிலேயே பெரிசா யாரும் கண்டுக்கல. மனம் நொந்து வேலையை விட்டார்.

1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது 1852-ல். இரண்டே வருஷத்தில் காலமானார்.

உங்க அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்குதா? வகுத்தால் தடை 46 ஓம். பெருக்கினால் பவர் 1,150 வாட். நமக்கு ரெண்டு வரிக் கணக்கு. அவருக்கு அது பாதி வாழ்க்கை.