தண்ணீர்மலைக் குரங்குக்குப் பெயர் வைத்த ராஃபிள்ஸ்

பினாங்கு தண்ணீர்மலையில் 513 படிகள் ஏறி முருகனைத் தரிசித்து வந்தவர்களுக்கும், அருகிலுள்ள தாவரவியல் பூங்காவில் காலை நடை போகிறவர்களுக்கும் அந்தக் கூட்டத்தை நன்றாகத் தெரியும். நீண்ட வால், சாம்பல் கலந்த பழுப்பு நிறம், கையில் பை இருக்கிறதா என்று பார்க்கும் கண்கள். மலாய்க்காரர்கள் கெரா என்று அழைக்கும் குரங்குகள் அவை. தோட்டப்புறங்களில் பழமரம் வைத்திருப்பவர்களுக்கும் இவை பழக்கமானவைதாம்.

இந்தக் குரங்கின் அறிவியல் பெயர் மகாகா ஃபாசிகுலாரிஸ். அந்தப் பெயரை எழுதும் ஆய்வாளர்கள் பக்கத்தில் ஒரு மனிதரின் பெயரையும் 1821 என்ற ஆண்டையும் சேர்த்து எழுதுவார்கள். அந்த மனிதர் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ். சிங்கப்பூரை நிறுவியவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்த அதே ராஃபிள்ஸ்தான். உலகின் புகழ்பெற்ற விலங்குத் தோட்டங்களில் ஒன்றான லண்டன் விலங்குக்காட்சி சாலைக்கு வித்திட்டவரும் அவரே. அவருடைய கீழைத்தேச வாழ்க்கை தொடங்கிய இடம் பினாங்கு.

1781 ஜூலை 6-ஆம் தேதி, ஜமைக்கா அருகே கடலில் சென்றுகொண்டிருந்த ஒரு கப்பலில் ராஃபிள்ஸ் பிறந்தார். தந்தை கப்பல் தலைவர். ஆனால் குடும்பத்தில் பணமில்லை. 14 வயதிலேயே படிப்பை விட்டு, லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். பகலில் வேலை, இரவில் சொந்தமாகப் படிப்பு என்று பத்து ஆண்டுகள் ஓடின.

1805-இல் கம்பெனி பினாங்கைத் தனி மாநில நிர்வாகமாக உயர்த்தியது. அதன் துணைச் செயலாளராக ராஃபிள்ஸ் மனைவி ஒலிவியாவுடன் ஜோர்ஜ்டவுன் வந்து இறங்கினார். வரும் வழியில் கப்பலிலேயே மலாய் மொழி கற்கத் தொடங்கியிருந்தார். அன்றைய வெள்ளைக்கார அதிகாரிகள் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரை நம்பியிருந்த காலம் அது. மலாய் பேசத் தெரிந்ததால் மீனவரிடமும் காட்டில் திரிபவரிடமும் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவரால் முடிந்தது. விலங்குகளைப் பற்றிய அவருடைய அறிவுக்கு இந்த மொழிதான் கதவைத் திறந்தது.

ஜாவா படையெடுப்புக்குத் தயாராக ராஃபிள்ஸ் மலாக்காவில் தங்கியிருந்த நாட்களை முன்ஷி அப்துல்லா தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். நாகூர் வழி வந்த குடும்பத்தைச் சேர்ந்த அப்துல்லா இளமையில் தமிழும் கற்றவர். ராஃபிள்ஸ் நான்கு பேரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தாராம். ஒருவருக்கு இலையும் பூவும், இன்னொருவருக்குப் பூச்சியும் வண்ணத்துப்பூச்சியும், மற்றொருவருக்குச் சிப்பியும் பவளமும், நான்காமவருக்குக் காட்டு விலங்கும் பறவையும் என்று வேலை பிரிக்கப்பட்டிருந்தது. அவர்கள் கொண்டுவந்ததைச் சீன ஓவியர் ஒருவர் உயிருள்ளது போலவே வரைந்தார்.

அதே வீட்டில் ஓர் ஓராங்குட்டானும் இருந்தது. அதற்குக் கால்சட்டை, கோட்டு, தொப்பி அணிவித்து நடமாட விட்டார்கள். விலங்கைக் கூர்ந்து கவனிக்கத் தெரிந்த மனிதர், அதை மனிதனைப் போல் வேடமிட்டும் ரசித்தார். இந்த இரட்டை மனம் கடைசிவரை அவரிடம் இருந்தது.

1811 முதல் ஐந்தாண்டுகள் ஜாவாவின் ஆட்சிப் பொறுப்பு அவர் கையில் இருந்தது. 1812-இல் யோக்யகர்த்தா அரண்மனை தாக்கிச் சூறையாடப்பட்டதும் அவருடைய ஆட்சியில்தான். 1814-இல் ஒலிவியா ஜாவாவில் காலமானார். இங்கிலாந்து திரும்பிய ராஃபிள்ஸ் 1817-இல் சோஃபியாவை மணந்து, அடுத்த ஆண்டு சுமத்ராவின் பெங்கூலனுக்கு ஆட்சியாளராக வந்தார். 1819-இல் சிங்கப்பூரில் கம்பெனியின் கொடியை ஏற்றினார். அவ்வாண்டு மே மாதம் பினாங்கிலிருந்து அவருடன் சிங்கப்பூர் சென்றவர்தான், பின்னாளில் அங்கு மாரியம்மன் கோயில் எழுப்பிய நாராயண பிள்ளை.

பெங்கூலனில் இருந்தபோதுதான் சுமத்ரா விலங்குகளின் விளக்கப் பட்டியலை ராஃபிள்ஸ் எழுதினார். லண்டனின் லின்னேயச் சங்க இதழில் அது 1821-இல் வெளிவரத் தொடங்கியது. கெரா, சியாமாங், பெருவாங் என்ற சூரியக் கரடி ஆகியவற்றுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது அந்தப் பட்டியலில்தான். இலத்தீன் பெயரோடு உள்ளூர் மலாய்ப் பெயரையும் அவர் குறித்தார். ஆனால் அந்த விலங்குகளைப் பிடித்துக் கொடுத்த, அவற்றின் குணத்தைச் சொல்லிக் கொடுத்த காட்டு மனிதர்கள் பலரின் பெயர்கள் எதிலும் இல்லை.

சூரியக் கரடிக் குட்டி ஒன்றை அவர் இரண்டு ஆண்டுகள் வீட்டிலேயே வளர்த்தார். அது அவருடைய குழந்தைகளோடு வளர்ந்தது. நாய், பூனை, கிளியோடு சண்டையில்லாமல் ஒன்றாக உண்டது. கட்டிப்போடவோ அடிக்கவோ தேவை வரவில்லை. சாப்பாட்டு மேசைக்கு வந்தால் மங்குஸ்தீன் பழமும் ஷாம்பெய்ன் மதுவும்தான் கேட்கும். ஷாம்பெய்ன் இல்லாத நாளில் மட்டும் அதற்குக் கோபம் வருமாம். இதையெல்லாம் அறிவியல் கட்டுரையிலேயே அவர் எழுதிவைத்தார். காட்டில் தேனும் கரையானும் தேடித் தின்னும் விலங்குக்கு மதுவைப் பழக்கியது மனிதக் கைதான் என்பது அன்று யாருக்கும் உறுத்தவில்லை.

கரடியோடு விளையாடிய அந்த வீட்டில் துயரம் அடுத்தடுத்து வந்தது. 1821 முதல் 1823 வரை, பெங்கூலனின் நோய்களுக்கு நான்கு குழந்தைகள் பலியானார்கள். எஞ்சியது எல்லா என்ற ஒரே மகள். அவளை முன்கூட்டியே இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு, உடல் தளர்ந்த தம்பதியர் 1824 பிப்ரவரி 2-ஆம் தேதி ஃபேம் என்ற கப்பலில் புறப்பட்டனர்.

அன்றிரவே கப்பல் தீப்பற்றியது. மதுப் பீப்பாய் இருந்த இடத்துக்கு மூடாத விளக்கைக் கொண்டுபோனதால் வந்த வினை. பயணிகள் படகில் தப்பினர். ஆனால் சுமார் 2,000 ஓவியங்கள், குறிப்பேடுகள், வரைபடங்கள் எல்லாம் எரிந்தன. ஊருக்குக் கொண்டுபோகப் பழக்கி ஏற்றியிருந்த தாபிர், புலி, காட்டுக்கோழிகள் ஆகியவையும் தப்பவில்லை. கரை திரும்பிய ராஃபிள்ஸ் மறுநாளே மீண்டும் வரைபடம் வரையத் தொடங்கினார். காட்டுக்கு ஆட்களையும் அனுப்பினார்.

அக்கால லண்டனில் விலங்கு என்றால் வேடிக்கைப் பொருள். ஸ்ட்ராண்ட் தெருவில் ஒரு கட்டடத்தின் மாடியில், சுனி என்ற இந்திய யானை ஆண்டுக்கணக்காகக் குறுகிய கூண்டில் நின்றது. காசு கொடுத்தவர்கள் அதைப் பார்த்துப் போனார்கள். மதம் பிடித்த அந்த யானையை 1826 மார்ச் 1-ஆம் தேதி துப்பாக்கிகளால் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தும் அது எளிதில் விழவில்லை.

அடுத்த மாதம், ஏப்ரல் 29-ஆம் தேதி, லண்டன் விலங்கியல் சங்கம் அமைந்தது. முதல் தலைவர் ராஃபிள்ஸ். வாய் பிளந்து வேடிக்கை பார்ப்பதற்கு அல்ல, ஆராய்ந்து அறிவதற்கே விலங்குகள் அங்கே இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் அறிவிப்பு. அந்தத் தோட்டத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. கம்பெனி அவரிடம் 22,000 பவுனுக்கு மேல் திருப்பிக் கேட்ட கவலையோடு, 1826 ஜூலை 5-ஆம் தேதி, 45-ஆவது பிறந்தநாளுக்கு முதல்நாள் காலமானார். அவருடைய கல்லறை இருந்த இடமே 1914 வரை தெரியாமல் கிடந்தது.

1828-இல் தோட்டம் சங்க உறுப்பினர்களுக்குத் திறந்தது. 1847-இல் பொதுமக்களுக்கும் திறந்தது. அறிவுக்காகத் தொடங்கிய இடத்தில் கூட்டம் கரடிப் பள்ளத்தைச் சுற்றித்தான் நின்றது. கம்பத்தில் ஏறும் கரடிக்குக் குச்சியில் பன் ரொட்டி செருகி நீட்டுவது பெரிய பொழுதுபோக்கானது. பார்வையாளர் தீனி போடும் வழக்கம் முற்றாக நிற்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பினாங்கில் அது இன்னும் நிற்கவில்லை. தாவரவியல் பூங்காவில் குரங்குகளுக்கு உணவளிக்கக் கூடாது என்று பலகை இருக்கிறது. புண்ணியம் என்றும் அனுமாரின் அம்சம் என்றும் நினைத்து வாழைப்பழம் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். காட்டுப் பழமும் இளந்தளிரும் ஆற்றோர நண்டும் தானே தேடித் தின்னத் தெரிந்த குரங்கு அது. மனிதர் கையில் ருசி கண்டபின், நெகிழிப் பை என்றாலே உணவு என்று பழகிவிடுகிறது. பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று குழந்தையை அருகே நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அது பயத்தின் அறிகுறி. அதன்பின் கடி, புகார். புகார் பெருகினால் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் பொறி வைக்கிறது. பழம் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்; உயிரை இழப்பது குரங்கு.

ராஃபிள்ஸ் வீட்டு ஷாம்பெய்னும், லண்டன் பன் ரொட்டியும், தண்ணீர்மலை வாழைப்பழமும் பாசத்தோடு கொடுக்கப்பட்டவைதாம். அடுத்த முறை பூங்காவுக்குப் பிள்ளைகளோடு போகும்போது, பழப்பையைக் காரிலேயே வைத்துவிட்டு, கெரா காட்டில் எதைப் பறித்துத் தின்கிறது என்று சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லலாம்.