மலையை வரைந்தவர்

தென் அமெரிக்காவின் ஆண்டிசு மலைத்தொடரில், நிலநடுக்கோட்டிற்கு அருகே, சிம்பொராசோ என்னும் எரிமலை பனிமுடி சூடி நிற்கிறது. 1802ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் அதன் சரிவில் சிலர் ஏறிக்கொண்டிருந்தனர். வழிகாட்டிகளுள் பெரும்பாலோர் பனி எல்லையிலேயே திரும்பிவிட்டனர். எஞ்சியோரின் ஈறுகளில் குருதி கசிந்தது, தலை சுற்றியது, கைகள் விறைத்தன. அந்நிலையிலும் ஒருவர் இடையிடையே நின்று, காற்றழுத்தமானியை எடுத்து உயரத்தைக் குறித்துக்கொண்டார். பெரும்பிளவு ஒன்று வழிமறித்ததால் உச்சியை அடையாமலே அவர்கள் இறங்கினர். அவருடைய கணக்குப்படி அவ்விடம் ஏறத்தாழ 5,900 மீட்டர் உயரமுடையது. அவரே செருமானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட்.

1769இல் பெர்லினில் பிறந்த ஹம்போல்ட், இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயின் விருப்பப்படி அரசுப் பணிக்குக் கற்று, சுரங்க ஆய்வாளராகப் பணிபுரிந்தார். உள்ளமோ தொலைநிலங்களை நாடியது. 1796இல் தாய் மறைந்தபின், தமக்குக் கிடைத்த செல்வத்தைப் பயணத்திற்கே செலவிடத் துணிந்தார். தாவரவியலாளர் பான்பிளாண்டுடன் 1799இல் கப்பலேறி, ஐந்து ஆண்டுகள் தென் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் அலைந்தார். வெனிசுவேலாவின் வலென்சியா ஏரி வற்றுவதைக் கண்டு, சுற்றியிருந்த காடுகளை வெட்டியதும் ஆற்றுநீரை வயல்களுக்குத் திருப்பியதுமே காரணம் என்று 1800இலேயே விளக்கியவர் அவர்.

சிம்பொராசோவிலிருந்து இறங்கியபின் அவர் ஓர் ஓவியத்தைத் திட்டமிட்டார். 1807இல் வெளிவந்த அவ்வோவியத்தில் மலையின் ஒருபாதி வெட்டுமுகமாகக் காட்டப்பட்டிருந்தது. எந்தச் செடி எந்த உயரத்தில் வளர்கிறதோ, அதன் பெயர் அங்கேயே எழுதப்பட்டிருந்தது. அடியில் பனைகள், அதற்குமேல் காடு, பின்னர்க் குறுஞ்செடிகள், புல்வெளி, இறுதியில் பாறையில் ஒட்டிய பாசிப்படலம். இருபுறமும் வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் முதலியவற்றின் அளவுகள் நிரல்பட அமைந்தன. செடிகளைப் பெயரிட்டு வகைப்படுத்துவதே தாவரவியல் என்றிருந்த காலத்தில், அவை வாழும் இடத்தையும் வெப்பத்தையும் ஒருசேர நோக்கியது புதுமை.

மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரத்தை மர எல்லை என்பர். 1817இல் ஹம்போல்ட் ஆண்டிசு, ஆல்ப்சு, லாப்லாந்து மலைகளை அருகருகே வரைந்து, துருவத்தை நெருங்க நெருங்கத் தாவர எல்லைகள் தாழ்வதைக் காட்டினார். அதே ஆண்டில், ஒத்த வெப்பமுடைய இடங்களை இணைக்கும் சமவெப்பக் கோடுகளையும் உலகிற்கு அளித்தார். வளர்பருவத்தின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியசுக்குக் கீழே செல்லுமிடத்தில் மரம் நின்றுவிடுகிறது என்று இன்றைய அறிவியல் கூறுவதற்கு அவருடைய கோடுகளே தொடக்கம். இமயத்தையும் அளக்க அவர் பெரிதும் விரும்பினார். கிழக்கிந்தியக் கம்பெனி இசைவு தரவில்லை. நமக்கு அது இழப்பே. 1859இல், தொண்ணூறு வயது நிறையச் சில திங்கள் இருக்கையில், அவர் மறைந்தார்.

அவர் காலத்தில் அவ்வெல்லைகள் நிலையானவையாகத் தோன்றின. புவி வெப்பமடையும்போது அவை மேலே நகர்கின்றன. ஆயினும் எல்லா மலையிலும் ஒருபடித்தாக அன்று: மேய்ச்சல், தீ, வறட்சி ஆகியவை விதைகளைத் தடுக்கின்றன. உலகெங்கும் 166 இடங்களை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஆய்வில், பாதிக்குச் சற்று மிகுதியான இடங்களிலேயே மர எல்லை உயர்ந்திருந்தது.

2012இல் ஆய்வாளர்கள் ஹம்போல்டின் ஓவியத்தைக் கையிற்கொண்டு சிம்பொராசோவில் ஏறினர். தாவரங்கள் 500 மீட்டருக்கும் மேலாக உயர்ந்துள்ளதாக அறிவித்தனர். ஆனால் அவருடைய குறிப்பேடுகளையும் அவர் திரட்டிய செடிகளையும் நுணுகி ஆராய்ந்த வேறு சிலர், 2019இல் அதனைத் திருத்தினர். ஓவியத்தின் மேற்பகுதியிலுள்ள செடிகளுள் பெரும்பாலானவை சிம்பொராசோவைச் சேர்ந்தவை அல்ல. 1802 மார்ச்சில் அவர் ஏறிய அந்திசானா என்னும் மற்றோர் எரிமலையில் திரட்டியவை. பல மலைகளில் கண்டவற்றை ஒரே மலையின் வடிவில் அவர் தொகுத்திருந்தார். அந்திசானாவின் சரிவிலேயே வைத்து ஒப்பிட்டபோது கிடைத்த உயர்வு 215 முதல் 266 மீட்டர்.